ஸ்டுடியோ முகம்

ஜூன் 14, சனி

ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததற்காக அப்பா கொடுத்த டைரி இது. ஆல்பம் கம்பெனிக்காரர்கள் ஸ்டுடியோக்களுக்குத் தருவது. ஜனவரியிலிருந்து நேற்று வரை எல்லாப் பக்கமும் காலி. பார்த்தால் வீட்டுப்பாடம் செய்யாமல் விட்ட மாதிரி இருக்கிறது. இன்றிலிருந்து விடாமல் எழுதப் போகிறேன். உண்மையை மட்டும் எழுதவேண்டும் என்பது விதி.

இன்று என் வாயை அளந்தார்கள்.

பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் நடந்தது. வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே திடுதிப்பென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘கீழ்த்தாடை பின்னால் இருக்கிறது, மேல் முன்பற்கள் அதிக நீட்டம்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி, நாலு வழிச்சாலையில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம்.

எனக்குக் கிடைத்த டாக்டர் பெயர் ஹசீனா. டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டு, பல் சீரமைப்புக்காக மேற்படிப்பு இரண்டாம் வருடம் படிக்கிறார். மேஜையில் டீ டம்ளரைப் புத்தகத்தின் மேல் வைத்திருந்தார். அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

“பின்பல்லு ரெண்டு பக்கமும் சேர்ற மாதிரி கடி செண்பகா. இப்ப உதட்ட விரிச்சு ஈ காட்டு.”

சின்ன இரும்பு ஸ்கேலை வைத்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தார். “நாலு மில்லிமீட்டர்” என்றார். பிறகு முகாம் சீட்டைப் பார்த்தார். “என்ன இது, ரொம்ப இருக்கற மாதிரி எழுதியிருக்காங்க? அவ்வளவு ஒண்ணும் இல்லையே சார்.”

அப்பா சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டு, “நல்லது டாக்டரம்மா” என்றார்.

பிறகு பசை மாதிரி ஒன்றை வாய் நிறைய வைத்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் தனித்தனியாக அச்சு எடுத்தார். அதில் மாவுக்கட்டுக்குக் கரைக்கிற மாவை ஊற்றினால் என் பற்களே வெள்ளைக் கல்லாக வந்துவிடுமாம். ஆனால் அந்த இரண்டு கல்லும் எப்படிச் சேரவேண்டும் என்று கல்லுக்குத் தெரியாது. அதற்காக ஒரு சிவப்பு மெழுகுத் தகட்டை வெந்நீரில் போட்டு, லாடம் மாதிரி வளைத்து, பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார். “இந்த மெழுகு என்ன சொல்லுதோ அதத்தான் நான் நம்புவேன்” என்றார்.

மெழுகு வெதுவெதுப்பாக இருந்தது. நான் நன்றாகத்தான் கடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஷூ துவைத்தேன். பயாலஜி நோட்டுக்கு அட்டை போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாரிச்செல்வி ஒரு வேர்க்கடலையை என் முன்னால் வைத்தாள். “ஏ அணிலு, எங்களுக்கு உரிச்சுக் குடேன்.” ஐந்து பேர் சிரித்தார்கள். அவள் கெட்டவள் இல்லை, எனக்குக் கணக்கு சொல்லித் தருகிறவள். நானும் சிரித்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான்.

சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போனேன். மெயின் ரோட்டில் அப்பாவின் ‘செண்பகா டிஜிட்டல் ஸ்டுடியோ’ இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில், நடுவில், பட்டுப் பாவாடையில் என் படம். அதில் நான் அழகாக இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

எனக்கு ஏழு வயது. ஆதார் கார்டுக்கோ எதற்கோ படம் எடுக்க அப்பா என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். கேமராவில் பார்த்தார். வெளியே தலையை எடுத்தார். மறுபடி பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, “தாயி, கீழ்த்தாடைய ஒரு நூல் முன்னால கொண்டா” என்றார். கொண்டுவந்தேன். “இன்னும் ஒரு நூல். ஆங். அப்படியே இரு. வாய மூடிக்கிட்டுச் சிரி.”

நூல் என்பது தச்சர்கள் சொல்லும் அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அப்பாவின் அப்பா தச்சர்.

அதற்குப் பிறகு வீட்டில் அதற்குப் பெயரே ‘ஸ்டுடியோ முகம்’. கல்யாண வீட்டில் கேமரா வந்தால் அப்பா தூரத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுவார். இரண்டு நூல். எனக்கு மட்டும் புரியும். இப்போதெல்லாம் அவர் காட்டவேண்டியதில்லை. புதிய டீச்சர் வந்தால், பஸ்ஸில் யாராவது எதிரே உட்கார்ந்தால், அதுவே வந்துவிடும்.

ஜூலை 5, சனி

எக்ஸ்ரே எடுத்தார்கள். தலை ஆடாமல் இருக்க இரண்டு காதிலும் குச்சி மாதிரி ஒன்றைச் செருகினார்கள். டாக்டர் ஹசீனா, “பல்லக் கடிச்சுக்கோ, எச்சில் முழுங்காத, அசையாத” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாக அப்பாவின் முகம் தெரிந்தது. ஊரிலுள்ளவர்களை எல்லாம் அசையாதே என்று சொல்கிறவர், நான் அசையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கே அவர் இல்லை.

படத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டி டாக்டர் பென்சிலால் வரைந்தார். மூக்குக்கு மேலே ஒரு புள்ளி, மேல்தாடையில் ஒன்று, கீழ்த்தாடையில் ஒன்று. கோடு போட்டு, பாகைமானி வைத்துக் கோணம் பார்த்தார். கணக்கு இவ்வளவு அழகாக முகத்துக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். “நீ டாக்டருக்குப் படி மா. இவ்வளவு கேள்வி எங்க கிளாஸ்லகூட யாரும் கேக்க மாட்டாங்க.”

கடைசியில், “எலும்பு பரவாயில்ல சார், பல்லு மட்டும்தான் தூக்கிட்டு இருக்கு. மேல ரெண்டு பல்ல எடுத்துட்டு கம்பி போட்டாப் போதும்” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எலும்பு பரவாயில்லை என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டார்.

நன்றாகத்தான் கடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காதுக்கு முன்னால் வலித்தது. ரசம் சாதம் மட்டும் போதும் என்றேன். அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல் என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். “என்னட்டி, பல்லப் பாக்கப் போனியா, கல்லக் கடிக்கப் போனியா?”

ஜூலை 26, சனி

இன்று நடந்ததை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. விதி இருப்பதால் எழுதுகிறேன்.

சிகிச்சையை முடிவு செய்வதற்கு முன்னால் புரொபசர் பார்க்கவேண்டுமாம். அவர் பெயர் தனுஷ்கோடி. உயரமானவர், செருப்புச் சத்தமே வராது. அவர் பின்னால் ஆறு மாணவர்கள் வந்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அப்பா சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

புரொபசர் என் மாவுப் பற்களைக் கையில் எடுத்தார். நடுவில் சிவப்பு மெழுகை வைத்துச் சேர்த்தார். ஆடியது. மெழுகை எடுத்துவிட்டு, மேல் கல்லையும் கீழ்க் கல்லையும் சும்மா சேர்த்துப் பின்னுக்கு நகர்த்தினார். ‘டக்’ என்று உட்கார்ந்துகொண்டது. எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

“ஹசீனா, இங்க வா. இந்தப் பல்லு எங்க தேஞ்சிருக்கு? இது தெனமும் எங்க கடிக்குதுன்னு பல்லே எழுதி வச்சிருக்கு. உன் மெழுகு என்ன சொல்லுது?”

“வேற சொல்லுது சார்.”

“எக்ஸ்ரேயக் காட்டு. தாடையோட மூட்டு குழிக்குள்ளயா இருக்கு? வெளிய வந்து நிக்குது. இத வச்சு கோணம் போட்டு, ரெண்டு பல்லப் புடுங்கறேன்னு எழுதியிருக்க. ரெண்டு வருஷமா என்ன படிச்ச? கடி அளவு எடுக்கத் தெரியல உனக்கு.”

ஆறு பேரும் கேட்டார்கள். அடுத்த நாற்காலியில் இருந்த ஒரு தாத்தாவும் வாயில் குழாயோடு திரும்பிப் பார்த்தார்.

“சாரி சார். என் தப்புதான்” என்றார் டாக்டர் ஹசீனா.

அவர் காது சிவந்திருந்தது. நான் எச்சில் விழுங்காமல் இருந்தேன். விழுங்கினால் தாடை பின்னால் போய்விடும்.

புரொபசர் மாணவர்களிடம், “இந்தப் பொண்ணுக்குத் தாடைதான் சின்னது. எக்ஸ்ரேல கழுத்தெலும்பப் பாத்தா இன்னும் ஒரு வருஷம் வளர்ச்சி மிச்சமிருக்கு. இப்ப வாயில மாட்டற பிளேட் குடுத்தா தாடையே முன்னால வரும். பல்லு மட்டும்தான்னு நம்பி இந்த வருஷத்த விட்டுட்டா, அப்பறம் ஆபரேஷன்தான்” என்றார். டாக்டர் ஹசீனாவிடம், “திரும்ப எடு. அடுத்த சனிக்கிழமை நானே ஒரு தடவை எடுக்கறேன். என்னுது வேற மாதிரி வந்தா இந்தக் கேஸ் உனக்கில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கேஸைத்தான் டாக்டர் ஹசீனா தன் பரீட்சைக்குக் காட்டுவதாக இருந்தாராம். பக்கத்திலிருந்த டாக்டர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

மறுபடி வெந்நீர், மறுபடி மெழுகு. டாக்டர் ஹசீனா என் முகவாயைத் தொட்டார். கை சோப்பு வாசனை. “லூசா விடு மா. ஒண்ணும் பயப்படாத.” எவ்வளவு மெதுவாகப் பிடித்தார் என்றால், கைக்குள் இருக்கும் குருவி மூச்சுவிடும் அளவுக்கு.

ஸ்கேலை வைத்தார். “நாலு” என்றார். அழுவதற்கு முன்னால் வரும் குரல்.

நன்றாகத்தான்

ஜூலை 27, ஞாயிறு

இட்லித் துணி அலசினேன். கறிவேப்பிலை உருவினேன். ஸ்டுடியோவில் அப்பாவுக்கு உதவி. அவர் பாஸ்போர்ட் படங்களை வெட்ட வெட்ட நான் கவரில் போட்டேன்.

“டாக்டரம்மாவ ரொம்பத் திட்டிட்டாரு, இல்ல?”

“ஆமா.”

நாலு படம் வெட்டினார்.

“நீ நல்லாத்தான தாயி கடிச்ச?”

“நல்லாத்தான்ப்பா கடிச்சேன்.”

“ம்” என்றார். கத்தரிக்கோல் ஒரு ஆளின் தோள்பட்டையை வெட்டிவிட்டது. அப்பாவுக்கு அப்படி ஆகவே ஆகாது. அந்த ஆளுக்காக மறுபடி பிரிண்ட் போட்டார். தாடியைத் தடவிக்கொண்டே மெஷினைப் பார்த்து நின்றார்.

அப்பாவுக்கு எப்போதுமே தாடி. தாடி இல்லாத படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்திலும் தாடிதான். அம்மா வீட்டில் அன்றைக்கு அது பெரிய பேச்சாம்.

ஜூலை 30, புதன்

‘நன்றாகத்தான் கடித்தேன்’ என்று இந்த டைரியில் இரண்டு இடத்தில் முழுதாகவும் ஒரு இடத்தில் பாதியாகவும் எழுதியிருக்கிறேன். இன்று மூன்றையும் படித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மா வேலைக்குப் போன பிறகு, பள்ளிக்குக் கிளம்பும் முன், ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைக் கழுவி எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். ஸ்டுடியோ முகத்தோடு அளந்தேன். நாலு. பிறகு எச்சிலை விழுங்கி, தாடையை விட்டுவிட்டு அளந்தேன். பதினொன்று.

ஏழு மில்லிமீட்டர். இரண்டு நூலும் சொச்சமும். அவ்வளவு தூரம் என் தாடையை நான் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மெழுகு பொய் சொல்லவில்லை. டாக்டர் ஹசீனாவும் தப்பாக எடுக்கவில்லை. நான் கொடுத்ததை அப்படியே எடுத்தார்.

முதல் நாள் அது தானாக வந்தது. சத்தியமாகத் தானாக வந்தது. எக்ஸ்ரே அன்று தெரிந்துதான் செய்தேன். பக்கவாட்டில் எடுக்கும் படம் என்றார்களே, அதில் முகவாய் தெரியும், அதனால். போன சனிக்கிழமை எல்லாமே தெரிந்து செய்தேன்.

இதில் அசிங்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. நாளை புரொபசர் எடுப்பார். அவர் எப்படியாவது பதினொன்றைக் கண்டுபிடித்துவிடுவார். எனக்குச் சரியான பிளேட் கிடைத்துவிடும். டாக்டர் ஹசீனாவுக்கு எடுக்கத் தெரியவில்லை என்று முடிந்துவிடும். என்னை யாரும் கேட்கமாட்டார்கள். புதன்கிழமை இது தோன்றியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இப்போது தாங்கமுடியவில்லை.

பள்ளிக்குத் தாமதம். முட்டி போட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ‘டாக்டர், உங்களிடம் தனியாக ஒன்று சொல்லவேண்டும்.’ மொத்தம் ஆறு வாக்கியம். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்கிற மாதிரி.

டாக்டர் ஹசீனா எனக்கு முன்பே தயாராக இருந்தார். டிரேயில் ஐந்தாறு சிவப்பு மெழுகு லாடங்கள். “பாத்தியா? இந்த வாரம் பூரா ஹாஸ்டல்ல ஒருத்தி வாய விடல. எல்லார் வாயிலயும் மெழுகு வச்சுப் பழகுனேன். என்னப் பாத்தாலே வாய மூடிக்கிட்டு ஓடுறாளுக.” சிரித்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

ஆறு வாக்கியமும் போய்விட்டது. அதற்குள் புரொபசரும் மாணவர்களும் வந்துவிட்டார்கள்.

அவர் என்னை நேராக நிமிர்ந்து உட்காரச் சொன்னார். “நாக்க மேல மடக்கு. அண்ணத்துல எவ்வளவு பின்னால தொட முடியுமோ தொடு. ஆங். அப்படியே முழுங்கிட்டே கடி.” நாக்கை மடக்கினால் தாடையைத் தள்ள முடியவில்லை. அது பின்னால் போய் உட்கார்ந்தது. என் முகம் எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். ஒரு மாணவி, “அட” என்றாள்.

ஸ்கேல். “பதினொண்ணு. பாத்தியா ஹசீனா?”

டாக்டர் ஹசீனா பார்த்தார். தன் மெழுகுகளையும் பார்த்தார்.

என் வாயில் மெழுகு இருந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நானே கையை விட்டு எடுத்தேன். எச்சில் நூலாக நீண்டு என் சட்டையில் விழுந்தது.

“டாக்டர் மேல தப்பு இல்ல சார். நான்தான் முன்னால தள்ளிக் கடிச்சேன். மூணு தடவையும்.”

“தள்ளிக் கடிச்சியா? ஏன்?”

ஆறு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இருக்கிற முகத்தை.

“நான் சொல்லிக் குடுத்தது சார்” என்று அப்பாவின் குரல் கேட்டது. “போட்டோவுக்காக. ஏழு வயசுல. அன்னைக்கு எக்ஸ்ரே ரூம்லயே நான் பாத்துட்டேன் சார். நாங்க மொகத்தப் பாத்துப் பொழைக்கிறவங்க, தெரியாமப் போகுமா? சொல்லியிருக்கணும்.” பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “சொல்ல வாய் வரல.”

புரொபசர் மாணவர்களைப் பார்த்து, “எழுதிக்கங்க. சண்டே பைட், ஞாயித்துக்கிழமைக் கடின்னு படிச்சிருப்பீங்க. விசேஷத்துக்கு நல்ல சட்டை போடற மாதிரி, நாலு பேரு முன்னால போட்டுக்கற கடி. புஸ்தகத்துல ஒரு வரிதான் இருக்கும். இதான் அது” என்றார். டாக்டர் ஹசீனாவிடம், “கேஸ் உன்னுதுதான். ஆனா பேஷன்ட் குடுக்கறத வாங்கிக்கறது அளவு எடுக்கறது ஆகாது. ஞாபகம் வச்சுக்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எல்லோரும் போன பிறகு டாக்டர் ஹசீனா டிரேயைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“போன வாரம் உன் தாடையப் புடிச்சு நான் பின்னால தள்ளியிருக்கலாம் மா. கைக்கு ஏதோ இடிச்சுது. வலிக்குமேன்னு விட்டுட்டேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மாவிடம் அப்பாதான் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “அப்பனும் மகளும் சேந்து ஊரு கண்ணுல படம் காட்டிட்டு இருந்திருக்கீக. நான் ஒருத்திதான் இந்த வீட்டுல நெசமான மூஞ்சியோட அலையுறேன்.” அப்பா சிரிக்கப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போனது. பாதி வழியில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் காதைச் சொறிந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கணக்கில் 91. மாரிச்செல்வி 96. போன சனிக்கிழமை எடுத்த புது எக்ஸ்ரேயில் கோணமும் மாறிவிட்டது என்று டாக்டர் ஹசீனா போனில் அப்பாவிடம் சொன்னாராம். என்னைப் பற்றிக் கேட்டாரா என்று அப்பாவிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பிளேட் செய்ய இன்று அளவு எடுத்தார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பிளேட். இரண்டிலும் சரிவான மேடு இருக்குமாம். வாயை மூடினால் ஒரு மேடு மற்றதில் இடித்து, கீழ்த்தாடை முன்னால் வந்துதான் நிற்க முடியும். சாப்பிடும்போது, தூங்கும்போது, பள்ளிக்கூடத்தில், ஒரு வருடம் போட்டுக்கொண்டிருந்தால் எலும்பு அங்கேயே வளர்ந்து பழகிவிடும்.

“அதுக்கு உன் தாடை எங்க வந்து நிக்கணுமோ, அங்க ஒரு மெழுகு எடுக்கணும்” என்றார் டாக்டர் ஹசீனா. புதுத் தகட்டை வெந்நீரில் போட்டார். டீ டம்ளர் இன்றைக்கும் புத்தகத்தின் மேல்தான் இருந்தது. “கணக்குப் போட்டுப் பாத்தேன். ஏழு மில்லிமீட்டர் முன்னால வரணும். மத்தவங்களுக்கு இதச் சொல்லிக் குடுக்கவே அரை மணி நேரம் ஆகும். உனக்குத்தான் தெரியுமே. உன்னோட அந்தக் கடிய இப்பக் கடி.”

கிண்டலாகச் சொல்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வாயைத் திறந்தேன். மெழுகு உள்ளே வந்தது. தாடை வரவில்லை.

ஏழு வருடமாகக் கேட்காமல் வந்தது, கேட்டபோது வரவில்லை. அந்த முகத்தை அவர் எதிரில் மறுபடி போட எனக்குக் கூசியது. மெழுகு ஆறிவிட்டது. மறுபடி வெந்நீரில் போட்டார். மறுபடி வைத்தார். கொஞ்சம் வந்து, பின்னால் ஓடிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் ஹசீனா என் தோளைத் தொட்டு, “அவசரமில்ல” என்றார். நான் உண்மையைச் சொன்ன நாளுக்குப் பிறகு, வேலைக்காக இல்லாமல் அவர் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக்கு முன்னால் வந்து குந்தினார். ஸ்டுடியோவில் குந்துகிற மாதிரி. தாடியை ஒரு கையால் அழுத்திப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தார். தாடிக்குள்ளே அப்பாவின் முகவாய் எங்கே இருக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தேன். இருக்கவே இல்லை. கீழ் உதட்டிலிருந்து கழுத்து நேராக இறங்கியது. என்னுடையதேதான்.

டாக்டர் ஹசீனாவும் பார்த்தார். அப்பா கையை எடுக்கவில்லை.

“என்னையப் பாரு தாயி” என்றார். “ஒரு நூல் முன்னால.”

அவர் தாடை நகர்ந்தது. என்னுடையதும் நகர்ந்தது.

“இன்னும் ஒரு நூல்.”

மெழுகில் பல் இறங்குவது தெரிந்தது.

“ஆங். அப்படியே இரு.”

டாக்டர் ஹசீனா ஸ்கேலை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். மெழுகு இறுகும் வரை நான் அசையவில்லை. அப்பாவும் அசையவில்லை. அவர் வாயில் மெழுகு இல்லை.